வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு காரைக்குடி வீட்டை வாடகைக்கு விடுவது: எந்த வழி எந்த வீட்டுக்கு?

பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடைகள் நடந்த காலத்தில் முதலாளி செட்டிநாட்டில் இருந்தார். தொழில் கடலுக்கு அப்பால் இருந்தது. மூன்று ஆண்டுத் தவணைக்கு ஒரு மேலாளைப் பேசி, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து, அவர் எதையெதைச் செய்யலாம் என்பதைப் பவர்ப் பத்திரத்தில் எழுதிக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து கடிதமும், கடையின் வரவு, செலவு, இருப்பைக் காட்டும் ஐந்தொகைக் கணக்கும் வரும். தவணை முடிந்ததும் கணக்கை முடித்து அடுத்த ஆளை அனுப்புவார்கள். இன்று அந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. வீடு காரைக்குடியில் இருக்கிறது. வீட்டுக்காரர் பெங்களூரிலோ, ஐதராபாத்திலோ, என்னைப் போலப் புனேயிலோ இருக்கிறார். செய்தி ஒரு நொடியில் வந்து சேர்கிறது என்றாலும், ரங்கூன் கடைக்கு முன்னோர் செய்த ஏற்பாட்டில் கால்வாசியைக்கூட நாம் நம் வாடகை வீட்டுக்குச் செய்வதில்லை. ‘பக்கத்தில் அண்ணன் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிடுகிறோம்.

நான் புனேக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. காரைக்குடி சுப்பிரமணியபுரத்தில் அப்பச்சி கட்டிய, இரண்டு படுக்கையறை கொண்ட தளம் போட்ட வீடு ஒன்று வாடகையில் இருக்கிறது. கானாடுகாத்தானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஏழு புள்ளிகளுக்கு (திருமணமான ஆண் ஒவ்வொருவரின் குடும்பமும் ஒரு புள்ளி) பங்குள்ள, நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட வளவு வீடு ஒன்றும் இருக்கிறது. முதல் வீட்டை உறவினர் பொறுப்பிலும், தரகர் பொறுப்பிலும், நேரடியாக என் பொறுப்பிலும் விட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டாவதை என்ன செய்வது என்ற பேச்சு பங்காளிகளுக்குள் இன்னும் முடியவில்லை. ஒரே தாலுகாவுக்குள் இருக்கும் இந்த இரண்டு வீடுகளில் ஒன்றுக்குப் பொருந்தும் வழி மற்றதற்குப் பொருந்தாது என்பதால், இவற்றைத் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

வழிகளை ஒப்பிடும் முன், வேலை என்ன என்பதைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். வாடகை வாங்குவது இன்று ஒரு வேலையே இல்லை. மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கில் விழுந்துவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தை இணைப்பு எண்ணை வைத்துக்கொண்டு எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம், கட்டலாம். சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ, இணையத்தில் கட்டிவிட்டால் 5 விழுக்காடு ஊக்கத்தொகையும் கிடைக்கிறது. நம் பெயரில் உள்ள சொத்தில் வேறு யாராவது பத்திரம் எதுவும் பதிந்திருக்கிறார்களா என்பதைப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைத் திறந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். வெளியூரில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆகவே பணமும் காகிதமும் தூரத்தை வென்றுவிட்டன. வெல்லாதவை இரண்டு: ஒன்று, நேரில் பார்ப்பது, மற்றொன்று, பார்த்ததை வைத்து எவ்வளவு செலவழிக்கலாம் என்று முடிவு செய்வது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு நாள் இரவு பத்து மணிக்குக் கூரையின் ஈரத்திட்டைப் படம் எடுத்து வாடகைதாரர் அனுப்புவார். அது மொட்டைமாடித் தளத்தின் விரிசலா, மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாயின் கசிவா என்பது படத்தில் தெரியாது. முதலாவதற்கு ஆகும் செலவும் இரண்டாவதற்கு ஆகும் செலவும் ஏணி வைத்தாலும் எட்டாது. அந்த ஈரத்திட்டை யார் போய்ப் பார்ப்பார், யார் முடிவெடுப்பார், பணம் யார் கை வழியாகப் போகும் என்ற மூன்று கேள்விகளை வைத்துத்தான் கீழே உள்ள வழிகளை எடைபோட்டிருக்கிறேன்.

முதலில் எல்லோரும் நாடுவது உறவினரை. எனக்கும் பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர் ஆறு ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். ஒரு காசு தவறியதில்லை. மோட்டார் பழுதானபோது தம் கையிலிருந்து போட்டுச் சரிசெய்து, அதைச் சொல்லக்கூடக் கூச்சப்பட்டவர். ஆனால் அவர் குடிவைத்த ஆள் அவருடைய நண்பரின் மருமகன். பக்கத்து வீடுகளில் வாடகை 8,500 ரூபாய்க்கு ஏறிய பிறகும் என் வீட்டில் அது 6,500 ரூபாயிலேயே நின்றது. ‘அவங்க நல்ல குடும்பம், கூட்டிக் கேட்டா நல்லா இருக்காது தம்பி’ என்று அவர் சொல்லும்போது, சம்பளம் இல்லாமல் உழைக்கும் மனிதரிடம் நான் என்ன பதில் சொல்ல முடியும்? மாதம் 2,000 ரூபாய் வித்தியாசம் என்றால் ஆண்டுக்கு 24,000 ரூபாய். அந்தத் தொகையில் பாதியைக் கொடுத்தால் ஒருவரைச் சம்பளத்துக்கே வைத்திருக்கலாம். இலவசம் என்று நான் நினைத்த வழிதான் நான் பார்த்தவற்றிலேயே விலை அதிகமானது. அதைவிடப் பெரிய சங்கடம், கணக்குக் கேட்பது சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற அச்சம். நானும் கேட்கவில்லை, அவரும் எழுதிவைக்கவில்லை. கடைசியில் ஒரு சாந்தி (அறுபதாம் கலியாணம் போன்ற விழா) வீட்டில் எல்லோரும் கூடியிருந்த இடத்தில் அவர் கையிலிருந்து போட்ட தொகையைப் பற்றி வேறொருவர் பேச்செடுக்க, இரண்டு வீட்டாருக்கும் முகம் சுருங்கிப்போனது. யாரும் யாரையும் ஏமாற்றாமலேயே ஓர் உறவு கசக்க முடியும் என்பதை அன்று பார்த்தேன்.

இதனால் உறவினரே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வெளியூர் வேலை இரண்டு ஆண்டுகளில் முடிந்து திரும்பிவிடப் போகிறோம் என்றால் இதைவிட எளிய வழி இல்லை. நீண்ட காலத்துக்கு என்றால் உறவினருக்கு முதலில் ஒரு சம்பளம் பேச வேண்டும். அவர் மறுத்தாலும், அவர் வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு என்றாவது ஆண்டுக்கு ஒருமுறை முறையாகச் செய்துவிட வேண்டும். அடுத்து, வாடகைப் பணம் அவர் கை வழியாகப் போகக் கூடாது. நேரே நம் கணக்குக்கு வர வேண்டும். மூன்றாவது, வாடகையை எவ்வளவு உயர்த்துவது என்ற முடிவை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், அதைக் கேட்கும் தர்மசங்கடம் அவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை. உறவினருக்கு உரிய வேலை கண்ணால் பார்த்துச் சொல்வது மட்டுமே. பணத்தையும் பேரத்தையும் அவர் தோளில் ஏற்றக் கூடாது.

இரண்டாவது வழி தரகர். காரைக்குடியில் ஆள் பிடித்துத் தருவதற்கு ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குவது பழக்கம். பெரிய நகரங்களில் இருப்பது போல மாதாமாதம் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டை முழுவதுமாக நிர்வகிக்கும் நிறுவனங்களை இங்கே தேடி அலைவதைவிட, அதே வேலையைத் தனியாகச் செய்யும் ஒருவரைப் பேசிக்கொள்வதுதான் நடைமுறை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். தரகருக்கு வருமானம் ஆள் மாறும்போது வருகிறது. நிர்வாகிக்கு வருமானம் ஆள் நிலைக்கும்போது வருகிறது. என் வீட்டைத் தரகர் பொறுப்பில் விட்ட மூன்று ஆண்டுகளில் மூன்று குடும்பங்கள் வந்து போயின. ஒவ்வொரு முறையும் ஒரு மாத வாடகை கமிஷனாகவும், ஏறக்குறைய ஒரு மாதம் பூட்டிக் கிடந்ததாலும் போயிற்று. வெள்ளையடித்த செலவு தனி.

மாதக் கட்டணத்துக்கு ஒருவரை வைத்தால் கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். வாடகை 9,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,08,000 ரூபாய். நிர்வாகிக்கு 8 விழுக்காடு என்று பேசினால் ஆண்டுக்கு 8,640 ரூபாய். வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் போகும் தொகையைவிட இது குறைவு. ஆகவே ஆண்டில் ஒரு மாதக் காலி இடைவெளியை அவர் தடுத்துவிட்டாலே அவருடைய கூலி கட்டிவிடுகிறது. ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: வருமானவரிக் கணக்கில், நாம் கட்டிய சொத்துவரியைக் கழித்தபின் எஞ்சும் வாடகையில் 30 விழுக்காட்டை ஒட்டுமொத்தமாகக் கழித்துக்கொள்ள விடுகிறார்கள், வீட்டுக் கடன் இருந்தால் அதன் வட்டி தனி. அந்த 30 விழுக்காட்டுக்குள்தான் வெள்ளையடிப்பும், நிர்வாகியின் கட்டணமும், நாம் ஊர் போய்வரும் ரயில் செலவும் அடங்கும். நிர்வாகியின் சம்பளத்தைத் தனியாகக் கழிக்கலாம் என்று நினைத்துக் கணக்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிர்வாகியை வைப்பதானால் பவர் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி வரும். ஆளைக் குடிவைக்கவும், சாவி வாங்கவும், சிறு பழுதுகளைப் பார்க்கவும் அதிகாரம் தரும் எழுத்து போதும். அதிலும் செலவுக்கு ஓர் உச்சத் தொகையைக் குறிப்பிட வேண்டும். அவர் நம் சார்பில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தால், இந்தியாவுக்குள் வசிப்பவர் அந்தப் பவரைத் தாம் வசிக்கும் ஊரின் சார்பதிவாளர் முன்னிலையில் எழுதிச் சான்று பெற வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. புனேயில் இருக்கும் நான் புனேயிலேயே அதை முடித்துவிடலாம். விற்கும் அதிகாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் அதே பத்திரத்தில் சேர்க்கக் கூடாது. வாடகை வீட்டுக்கு அது தேவையே இல்லை.

மூன்றாவது, நாமே தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வது. கடந்த ஐந்து ஆண்டுகளாக நான் செய்வது இதைத்தான். சிறிய, தளம் போட்ட வீட்டுக்கு இதையே முதலில் சொல்வேன். இதற்கு ஆணிவேர் ஆள் தேர்வு. காரைக்குடியில் ஒரு வசதி இருக்கிறது: சிக்ரி என்று எல்லோரும் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அழகப்பா பல்கலைக்கழகம், வங்கிக் கிளைகள் ஆகியவற்றுக்கு வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவர்கள் தொடர்ந்து வீடு தேடுகிறார்கள். மாற்றல் உள்ள வேலையில் இருப்பவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் கிளம்பிவிடுவார் என்பது குறையாகத் தோன்றலாம். ஆனால் அவர் கிளம்பும் தேதி முன்கூட்டியே தெரியும், அலுவலகத்தில் பெயர் கெடக் கூடாது என்ற எண்ணமும் இருக்கும். மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்தால் வாடகை கூடக் கிடைக்கும். வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்க ஆள் இல்லாதவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

ஆள் தேர்வை மட்டும் தொலைபேசியில் முடிக்கக் கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை விடுப்புக் கிடைக்காததால் காணொளி அழைப்பிலேயே பேசி ஒரு குடும்பத்துக்குச் சாவி கொடுக்கச் சொல்லிவிட்டேன். மூன்றே பேர் உள்ள குடும்பம், இனிமையாகப் பேசினார்கள். மின் இணைப்பில் என் கைப்பேசி எண்ணே பதிவாகியிருந்ததால் கட்டணக் குறுஞ்செய்தி எனக்கு வரும். இரண்டாவது கட்டணமே வழக்கத்தைப்போல் மூன்று மடங்காக வந்தபோதுதான் விசாரித்தேன். வீட்டின் பின்பக்கம் முறுக்கும் சீடையும் சுட்டுக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொழிலைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களை அந்த அடுப்புதான் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் வீட்டு இணைப்பில் வணிகத்துக்கு மின்சாரம் எடுத்தால் அபராதம் இணைப்பின் பெயரில் உள்ளவர் தலையில்தான் விழும். அடுப்படிச் சுவரில் படிந்த எண்ணெய்ப் புகையைச் சுரண்டி எடுத்து மறுபடி பூச இரண்டு வாரங்கள் ஆயின. அன்றிலிருந்து, ஆள் மாறும்போது எவ்வளவு கஷ்டமானாலும் நேரில் போகிறேன். மின் இணைப்பில் நம் எண்ணே இருக்கட்டும் என்று நண்பர்களிடமும் சொல்கிறேன். அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் ஒரு கண்.

பழுதுக்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு எளியது. குழாய், மின்வேலை, கொத்து வேலைக்கு ஆளுக்கொருவர் என்று மூன்று பேரின் எண்கள் வாடகைதாரரிடம் இருக்கின்றன. 2,000 ரூபாய் வரை என்னைக் கேட்காமலே செலவழித்து, ரசீதை அனுப்பிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் போய்ப் பார்த்து இன்ன வேலை, இன்ன செலவு என்று சொல்வார். ஒவ்வொரு பார்வைக்கும் அவருக்கு ஒரு தொகை உண்டு. வேலையைச் செய்பவரும் மதிப்புப் போடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை ஆவணியில் நான் போய், மழைக்கு முன்பு மொட்டைமாடித் தூம்புவாய்களில் அடைந்த சருகை எடுத்து, தளத்தில் நீர் தேங்கும் இடங்களைப் பார்த்துவிட்டு வருவேன். திருச்சியிலோ மதுரையிலோ இறங்கினால் சுமார் 90 கிலோமீட்டர்தான்.

எந்தப் பழுது யாருடையது என்ற வழக்கு எல்லா வழிகளிலும் வரும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதைப் பட்டியலாகவே கொடுத்திருக்கிறது. கட்டட அமைப்புக்கான பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்கு வர்ணம், குழாய்களை மாற்றுவது, மின்கம்பி வேலை ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்த் திருகு மாற்றுவது, சாக்கடை அடைப்பை எடுப்பது, சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் இந்தப் பட்டியலை அப்படியே ஒட்டிவிட்டால் பாதித் தொலைபேசி அழைப்புகள் நின்றுவிடும்.

வெளிமாநிலத்தில் இருப்பவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு, தாம் வாழும் ஊரின் பழக்கத்தை இங்கே கொண்டுவருவது. மகாராட்டிரத்தில் நான் எழுதிக்கொடுக்கும் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தத்தின் வாசகத்தைக் காரைக்குடி வீட்டுக்கும் பயன்படுத்தலாமா என்று நானே ஒருகாலத்தில் கேட்டவன். வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான் செல்லும். வழக்கும் அங்கேதான் நடக்கும். தமிழ்நாட்டில் பதினொரு மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும், விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம் வைத்திருக்கும் பொது அளவு. வீட்டைப் பார்வையிட வேண்டுமானால் ஒரு நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஊருக்கு வந்த அன்றே கதவைத் தட்டி உள்ளே நுழையும் நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. காசு பாக்கி விழுந்து பிணக்கு வரும்போது, பதிவான ஒப்பந்தம் கையில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையில் உள்ள வேறுபாடு எத்தனை ரயில் பயணம் என்பதுதான்.

நான்காவது வழி ஒத்தி. ஒரு பெருந்தொகையை வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வாடகையின்றி வீட்டை விட்டுவிடுவது. மாதாமாதம் எதையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் வெளியூரில் இருப்பவர்களுக்கு இது இனிக்கும். ஒத்திக்கு வருபவர் தம் பணம் வீட்டின் மேல் இருப்பதால் பொறுப்பாகவும் இருப்பார். ஆனால் இது உண்மையில் நாம் வாங்கும் கடன். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி வீட்டை அனுபவிக்கக் கொடுத்து வாங்கும் அடைமானம் பதிவு செய்யப்பட வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்திக்கொள்வதுதான் ஊரில் பெரும்பாலும் நடக்கிறது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமானவரிச் சட்டத்தில் தடையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தவணை முடியும் நாளில் முழுத்தொகையையும் எண்ணி வைத்தால்தான் சாவி திரும்பும். வாங்கிய பணத்தைத் தொடாமல் வங்கியில் வைத்திருப்பவருக்கு மட்டுமே இது பொருந்தும். அப்படிப்பட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

இனி கிராமத்து வளவு வீடு. இதற்கு மேலே சொன்ன எதுவும் நேராகப் பொருந்தாது. முதலில், அது ஒருவருடைய வீடு இல்லை. எங்கள் வீட்டில் வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் இரட்டை அறை. முகப்பும், பட்டாலையும், இரண்டாங்கட்டும், கிணற்றடியும் பொது. என் அறையை நான் வாடகைக்கு விட முடியும் என்று வைத்துக்கொண்டாலும், பொது இடத்தில் நடமாட மற்ற ஆறு புள்ளிகளும் சம்மதிக்க வேண்டும். அடுத்து, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும், பிள்ளையார் நோன்புக்கும், வீட்டில் கலியாணம் வந்தாலும் எல்லோரும் அங்கே கூடியாக வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரு குடும்பம் குடியிருக்கும் இடத்தில் அது நடக்காது. வாடகை வருமானமும் கிராமத்தில் பேசத்தக்கதாக இல்லை. தெற்குப் பக்கத்து ஓட்டைப் பிரித்து மாற்றுவதற்கு ஆகும் கூலியையே ஓர் ஆண்டு வாடகை தாங்காது.

அப்படியானால் பூட்டி வைப்பதா? பூட்டிய வளவு வீடு தானே அழிகிறது. நாட்டு ஓடு ஒன்று நகர்ந்தால் அந்த மழைக்கே கூரையின் மரச்சட்டம் நனைகிறது, அடுத்த ஆண்டு கரையான் ஏறுகிறது; சுவர் வெடிப்பில் அரசங்கன்று வேர் விடுகிறது. பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் களவு போய்ப் பழம்பொருளாகக் கைமாறிய வீடுகள் எங்கள் ஊரிலேயே உண்டு. ஆகவே வருமானத்துக்காக இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் மனித நடமாட்டம் வேண்டியிருக்கிறது. ஒரு முழுநேரக் காவலாளைக் குடும்பத்தோடு பின்கட்டில் குடிவைத்து, வாடகை வாங்காமல் சம்பளமும் கொடுப்பது பழைய வழி. செலவை ஏழாகப் பங்கிட்டால் தாங்கக்கூடியதே. ஆனால் அவர் கூட்டுவார், பூட்டுவார், விளக்கு வைப்பார். ஓட்டுக்கு மேல் ஏறி என்ன கோளாறு என்று சொல்ல அவரால் முடியாது. எங்கள் வீட்டில் காவலாள் இருந்தும், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய முட்டைப்பூச்சுச் சுவரில் விழுந்த வெடிப்பை அவர் நல்லெண்ணத்தோடு சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். சிமெண்டு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். இரண்டே மழையில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்ந்தது.

இன்னொரு வழி, விடுதி நடத்துபவர்களுக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுப்பது. கானாடுகாத்தானில் உள்ள விசாலம் போல, குடும்ப வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறி நன்றாகப் பராமரிக்கப்படுவதைக் கண்ணால் பார்க்கிறோம். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதும் வெளிநாட்டுப் பயணிகளின் வருகையும் இந்த வழிக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்திருக்கின்றன. தூரத்தில் இருக்கும் உரிமையாளருக்கு இதைவிடக் கவலையற்ற ஏற்பாடு இல்லை. ஓடு முதல் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வரை எல்லாம் நடத்துபவர் பொறுப்பு. ஆனால் நடத்துபவர் போட்ட முதலை எடுக்க நீண்ட தவணை கேட்பார். ஓர் ஆண்டைத் தாண்டும் குத்தகைக்குப் பதிவு கட்டாயம். அறைக்குள் குளியலறை வைக்கச் சுவரை இடிப்பார்கள். எதை இடிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை அறை வாரியாக வரைபடத்தோடு எழுதிக்கொள்ளாவிட்டால் பின்னால் பேசிப் பயனில்லை. சாமி அறையைப் பூட்டிச் சாவியை நாமே வைத்துக்கொள்வதையும், ஆண்டில் இத்தனை நாள் வீடு குடும்பத்துக்கு என்பதையும் தொடக்கத்திலேயே எழுத வேண்டும். கலியாண முகூர்த்தம் பெரும்பாலும் தையிலும் மாசியிலும் வரும். பயணிகள் மிகுதியாக வருவதும் அந்தக் குளிர்காலத்தில்தான். மோதல் எங்கே வரும் என்பது இப்போதே தெரிகிறது.

திரைப்படப் படப்பிடிப்புக்கு நாள் வாடகைக்கு விடுவதையும் சிலர் வருமானமாகச் சொல்கிறார்கள். நேரில் நின்று பார்க்க ஆள் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது தரைக்கு நல்லது. விற்றுவிடுவதைப் பற்றியும் ஒருவர் பேச்செடுத்தார். ஏழு புள்ளிகளும் ஒப்பினாலொழிய அது பேச்சளவில்தான் நிற்கும் என்பதால் இங்கே அதை எடுத்துக்கொள்ளவில்லை.

என் தீர்ப்பு இதுதான். நகரத்துத் தளம் போட்ட வீட்டை நாமே வைத்துக்கொண்டு, பார்வைக்கு மட்டும் கூலி கொடுத்து ஆள் வைப்பது சிறந்தது. ஆண்டுக்கு ஒருமுறைகூட ஊருக்கு வர முடியாத அளவுக்கு வேலை உள்ளவர்கள் மாதக் கட்டண நிர்வாகியைத் தேடட்டும். கமிஷன் தரகரை நிர்வாகியாக எண்ண வேண்டாம். ஒத்தி, பணத்தேவை உள்ளவருக்கு ஒரு கடன் வழி. வீட்டைப் பராமரிக்கும் வழி அன்று. வளவு வீட்டுக்கு, பங்காளிகள் ஒன்றுபட்டால் குத்தகை. ஒன்றுபடாத வரையில் காவலாளும், அவருக்கு மேல் ஆண்டுக்கு இருமுறை வந்து பார்க்கும், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரும்.

எங்கள் வீட்டுக் குத்தகைக்கு ஏழு கையெழுத்தில் ஐந்து வந்துவிட்டன. ஆறாவது பங்காளி மலேசியாவில் ஈப்போவில் இருக்கிறார், தைக்கு வருகிறேன் என்கிறார். ஏழாவதாக ஓர் ஆச்சி, ஊரிலேயே இருக்கிறார், தம் அறையைத் தர மாட்டேன் என்கிறார். அதுவரை தெற்குப் பக்கத்து ஓடு காத்திருக்காது என்பதால், ஆளுக்கொரு பங்கு போட்டு ஆவணிக்குள் மாற்றிவிடக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம். பணத்தை வாங்கி, செலவை எழுதி, மாதக் கடைசியில் எல்லோருக்கும் கணக்கு அனுப்பும் வேலையைப் பங்காளி அண்ணன் ஏற்றுக்கொண்டிருக்கிறார், இந்த முறை சம்பளத்தோடு.